சென்னையும் சுற்றுவட்டாரமும்: உங்கள் ஏரியாவில் எந்த சிம் நன்றாக இழுக்கிறது?

#1 படூர்_போகிறேன்

எல்லாருக்கும் வணக்கம். வில்லிவாக்கத்தில் இருந்து படூர் பக்கம் வீடு மாறுகிறோம். பத்து மாடிக் கட்டடம், எங்களுக்கு ஏழாவது மாடி. வீடு பிடித்துவிட்டது, வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் கட்டடத்துக்குள் இன்னும் ஃபைபர் வரவில்லை, எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்லவும் ஆளில்லை. எனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை, அதுவும் மீட்டிங் எல்லாம் மாலை 6 மணிக்கு மேல். மனைவி ஆன்லைனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறார், அவருக்கும் அதே நேரம்தான். ஆகவே சில மாதங்களுக்காவது இரண்டு பேரும் மொபைல் டேட்டாவை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

பழைய இழைகளைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருவர் ஒரு கம்பெனி பெயரைச் சொல்ல, இன்னொருவர் சண்டைக்கு வர, கடைசியில் படூரில் எது எடுக்கும் என்பது தெரியாமலே போகிறது. அதனால் ஒரு வேண்டுகோள். சொந்தக் குறையைச் சொல்லும்போது கம்பெனி பெயர் வேண்டாம். எந்த ஏரியா, எத்தனையாவது மாடி, எத்தனை மணி, 4ஜியா 5ஜியா, அப்லோடு எவ்வளவு வருகிறது, இதைச் சொல்லுங்கள். யாருக்கு எந்த சிம் என்று தனி மெசேஜில் கேட்டுக்கொள்ளலாம்.

#2 சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

ஆபீஸ் சோழிங்கநல்லூர், வீடு நாவலூர், நான்காவது மாடி. இரண்டு சிம் வைத்திருக்கிறேன். ஆபீஸ் பக்கம் மதியம் 12ல் இருந்து 3 வரை இரண்டுமே திணறும், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே வந்து வீடியோ பார்ப்பதால் என்று நினைக்கிறேன். அதே ஏரியாவில் இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பறக்கும். நாவலூர் வீட்டில் நேர்மாறு. பகலில் அருமை, இரவு 8 மணிக்கு மேல் ரீல்ஸ் கூடச் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆகவே ப்ரோ, மதியம் போய் வீட்டைப் பார்த்துவிட்டு நெட் நன்றாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

#3 வேகமே_வேதம்

இதில் என்ன குழப்பம்? 5ஜி போன் வாங்குங்கள், 5ஜி வரும் சிம் போடுங்கள், முடிந்தது. திருவான்மியூரில் எங்கள் மொட்டை மாடியில் டெஸ்ட் போட்டால் 400க்கு மேல் வருகிறது. 2022 அக்டோபரில் சென்னைக்கு 5ஜி வந்ததில் இருந்து வீட்டு வைஃபையையே எடுத்துவிட்டேன். மாநகரத்தில் இருந்துகொண்டு இன்னும் 4ஜியில் அப்லோடு கணக்குப் பார்ப்பது தேவையில்லாத வேலை.

#4 டவர்_ஏறி

நான் இந்தத் துறையில் களப்பணியில் இருந்தவன், சென்னை மொட்டை மாடிகளில் பாதியை ஏறி இறங்கியிருப்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொட்டை மாடி டெஸ்ட்டை விட்டுவிடுங்கள். யாரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து மீட்டிங் பேசுவதில்லை. 5ஜிக்கு இங்கே முக்கியமாக ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் பேண்டு. அதில் இடம் தாராளம், அதனால்தான் வெளியில் நின்றால் அவ்வளவு வேகம். ஆனால் அந்த அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிப் படுக்கையறைக்கு வருவதற்குள் பெரும்பகுதி போய்விடுகிறது. ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) வெயிலைத் தடுக்கப் பூச்சு பூசிய கண்ணாடி போட்ட கட்டடங்கள் இன்னும் மோசம், அந்தப் பூச்சு வெயிலோடு சிக்னலையும் திருப்பி அனுப்பிவிடும். 2022 ஏலத்தில் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டையும் வாங்கியது. அது சுவருக்குள் நன்றாகவே வரும், தூரமும் போகும். ஆனால் அதில் அகலம் குறைவு, ஆகவே வேகம் நல்ல 4ஜி அளவுக்குத்தான். போனில் இரண்டுக்கும் ஒரே "5ஜி" என்றுதான் காட்டும். பக்கத்து வீட்டில் 400, உங்கள் வீட்டில் 30, இரண்டும் 5ஜி என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது அப்லோடு. 3300 பேண்டில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே அலைவரிசை, நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி டவுன்லோடுக்கு. போதாததற்கு டவர் பேசும் பலம் வேறு, உங்கள் கையில் இருக்கும் போன் பேசும் பலம் வேறு. டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்காது. வீடியோ நன்றாக ஓடும், ஆனால் மீட்டிங்கில் எதிராளி "உங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது" என்பார். நாளெல்லாம் நான் கேட்கும் புகார் இதுதான். டவுன்லோடு 200 வருகிறது என்று ஸ்க்ரீன்ஷாட் போடுபவர்கள் கீழே இருக்கும் அப்லோடு எண்ணையும் பாருங்கள்.

மூன்றாவது, ஏழாவது மாடி. நம் ஊரில் டவர்கள் பெரும்பாலும் நாலைந்து மாடிக் கட்டடத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆண்டெனாவைத் தெருவைப் பார்த்துச் சாய்த்து வைத்திருப்பார்கள். உயர மாடிக்கு எந்த டவரும் நேராகப் பேசுவதில்லை. ஆனால் தூரத்து டவர்கள் எல்லாம் தடையில்லாமல் தெரியும், ஒரே நேரத்தில் நாலு பேர் காதில் கத்துகிற மாதிரி. சிக்னல் கோடு முழுதாக இருக்கும், நெட் நகராது. இதை ஊர்க்காரர்கள் "ஃபுல் டவர் காட்டுது, ஒண்ணும் வேலை செய்யல" என்பார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள்.

படூர் நண்பரே, ஆண்ட்ராய்டு என்றால் நெட்மான்ஸ்டர் போல ஒரு செயலி போட்டுக்கொள்ளுங்கள். அதில் டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸில் ஓர் எண் வரும். மைனஸ் 90 வரை நல்லது, 105ஐத் தாண்டினால் கவனம், 115ஐத் தாண்டினால் அந்த மூலையில் மேசை போடாதீர்கள். பக்கத்திலேயே சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் வரும். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதல் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலனில்லை. உயர மாடியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

#5 வேகமே_வேதம்

அண்ணா, அப்படியானால் 5ஜியே வேண்டாம் என்கிறீர்களா? நெரிசலுக்கு 5ஜி தானே தீர்வு? சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் பார்க்கப் போனால் 4ஜியில் ஒரு மெசேஜ் போகாத காலம் எனக்கு நினைவிருக்கிறது.

#6 டவர்_ஏறி

அப்படிச் சொல்லவே இல்லை தம்பி. நெரிசலான திறந்த இடத்தில் 5ஜி பெரிய விடுதலைதான், ஸ்டேடியம், மெரினா, ரங்கநாதன் தெரு எல்லாம் அதற்குச் சரியான இடம். வீட்டுக்குள் மூன்றாவது அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அறுபடாமல் பேச வேண்டும் என்றால் செட்டிங்கில் 4ஜி மட்டும் என்று மாற்றி ஒருமுறை பாருங்கள் என்கிறேன். பலருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும்போதுதான் மீட்டிங் அறுபடுகிறது, பேட்டரியும் அதில்தான் கரைகிறது.

#7 கூடுவாஞ்சேரி_லோக்கல்

ஜிஎஸ்டி ரோடு நிலவரம் யாரும் சொல்லவில்லையே. தினமும் கூடுவாஞ்சேரியில் இருந்து பூங்கா வரை மின்சார ரயில். தாம்பரம் வரை வந்துவிட்டால் கவலையில்லை. வண்டலூர் பக்கம் காடும் மலையுமாக இருப்பதால் அந்தத் துண்டில் கால் கட்டாகும். பொத்தேரியில் மாலையில் வண்டி நிற்கும்போது கவனித்துப் பாருங்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே டவரில் தொங்குகிறார்கள், நெட் அப்படியே படுத்துவிடும். செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி ஓரம் போகும்போது ஒரு சிம் சுத்தமாகப் போய்விடும், இன்னொன்று நன்றாகவே எடுக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவரைப் பிடிக்கிறது போல.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் உள்ளே நின்று டிக்கெட்டைத் திறக்க முயல்பவர்கள் பாவம். டிக்கெட் பிடிஎஃப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு வாருங்கள், ஆம்னி பஸ் நம்பர் வரும் எஸ்எம்எஸ்ஸையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கூடுவாஞ்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டி எல்லாமே எடுக்கும். நந்திவரம் தாண்டி உள்ளே புது லேஅவுட்டுகளில் வீடு கட்டுபவர்கள் மனை பார்க்கும்போதே போனையும் பாருங்கள். ரோடு வருவதற்கு முன்னால் வீடு வந்துவிடுகிறது, டவர் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

#8 சைதை_மெட்ரோ

மெட்ரோ பயணிகளுக்கு ஒரு தகவல். நீல வழித்தடத்தில் தண்டையார்பேட்டையில் இருந்து சைதாப்பேட்டை வரை சுரங்கம், சின்னமலையில்தான் மேலே வரும். பச்சையில் சென்ட்ரலில் இருந்து திருமங்கலம் வரை சுரங்கம். சுரங்கத்துக்குள் வெளி டவர் எதுவும் எட்டாது, உள்ளே தனியாக ஆண்டெனா போட்டால்தான் உண்டு. ஆகவே மேலே ராஜாவாக இருக்கும் சிம் கீழே ஒன்றுமில்லாமல் போவதும் அதற்கு நேர்மாறும் நடக்கும். வாட்ஸ்அப் டிக்கெட் எடுப்பவர்கள் படி இறங்குவதற்கு முன்பே க்யூஆரை இறக்கிக்கொள்ளுங்கள். கேட் முன்னால் நின்று சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களால் பின்னால் வரிசையே நிற்கிறது, காலை 9 மணிக்கு அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

#9 மின்ட்_தெரு

நான் சௌகார்பேட்டையில் பாத்திர மொத்த வியாபாரம். இங்கே எல்லாரும் மீட்டிங், வீடியோ என்கிறீர்கள். எங்களுக்குத் தேவை ஒரு யுபிஐ ஓடும் அளவு நெட். அது எவ்வளவு சின்ன விஷயம்! அதுவே கிடைப்பதில்லை.

எங்கள் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். கட்டடங்கள் ஒட்டி ஒட்டி, பழைய சுண்ணாம்புச் சுவர், முழங்கை நீளக் கனம். டவர் தலைக்கு மேலேயே இருக்கிறது, கடைக்குள் சிக்னல் இல்லை. வாடிக்கையாளர் பணம் அனுப்ப போனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார். அவருக்குப் பணம் போய்விட்டது என்று காட்டும், எங்கள் சவுண்ட் பாக்ஸ் வாயே திறக்காது. அதற்குள் ஒரு சிம் இருக்கிறது, அந்த சிம்முக்கும் சிக்னல் வேண்டுமே. அப்புறம் நம்பிக்கையின் பேரில் சரக்கை விட வேண்டும் அல்லது நல்ல வாடிக்கையாளரை நிற்க வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது தினசரி.

கடைசியில் கடை மாடியில் பிராட்பேண்ட் இழுத்து, கீழே வைஃபை விட்டு, "பணம் அனுப்ப மட்டும்" என்று பாஸ்வேர்டைக் கல்லாவில் ஒட்டி வைத்தோம். சவுண்ட் பாக்ஸை வாசல் தூணில் உயரமாக மாட்டினோம், அங்கே அதன் சிம்முக்கு எடுக்கிறது. இப்போது கொஞ்சம் நிம்மதி. ஆனால் நகரத்தின் நடுவில், ஹைகோர்ட்டில் இருந்து நடக்கும் தூரத்தில் இருந்துகொண்டு இதற்கு நாங்கள் தனிச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. புறநகரில்தான் கவரேஜ் மோசம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு வந்து பாருங்கள்.

#10 டவர்_ஏறி

மின்ட் தெரு சார் சொல்வது முழுக்க உண்மை. பழைய சென்னையில் டவர் எண்ணிக்கை குறைவில்லை, வைக்கும் உயரம்தான் சிக்கல். இப்படிப்பட்ட சந்துகளுக்கு விளக்குக் கம்பத்தில் பொருத்தும் சின்ன ஆண்டெனாக்கள்தான் சரிப்படும். அதற்குக் கம்பத்தில் அனுமதி, மின்சாரம், கீழே ஃபைபர் மூன்றும் வேண்டும். மூன்றும் மூன்று இடத்தில் கேட்க வேண்டும். அதனால்தான் நகரவில்லை.

#11 எழில்நகர்_அக்கா

பெரும்பாக்கம் எழில் நகரில் இருக்கிறேன், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இந்த இழையை முதலில் இருந்து படித்தேன், எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எட்டு மாடி பிளாக்குகள், வரிசை வரிசையாக. ஆற்றங்கரையில் இருந்தும் ஊருக்குள் இருந்தும் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள். ஒரு பிளாக்கில் எத்தனை வீடு, ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டால் ஒரு சின்ன டவுன் அளவு மக்கள் ஒரே இடத்தில். இங்கே யாருக்கும் வீட்டில் ஃபைபர் கிடையாது. இருப்பது ஒரு போன், அதுவும் அப்பாவுடையது, இரவு அவர் வேலை முடிந்து வந்தால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் ஊரே நெட்டில் இருக்கிறது. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் நிழல் மாதிரி சிக்னல் இல்லாத இடங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து பாடம் இறக்குகிறார்கள்.

அன்லிமிடெட் 5ஜி என்கிறார்கள். 2024 ஜூலையில் கட்டணம் ஏற்றியபோது அது தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குக்குத்தான் என்று மாற்றிவிட்டார்கள், போனும் 5ஜி போனாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் 4ஜி போனும் சின்ன பேக்கும்தான். வசதி இருப்பவருக்கு அளவில்லாத நெட், இல்லாதவருக்கு அளந்து ஊற்றுவது. வேகமே வேதம் தம்பி, மாநகரத்தில் இன்னும் 4ஜியா என்று கேட்டீர்களே, இங்கே பெரும்பாலானவர்களுக்கு 4ஜிதான் எல்லாமும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி சோழிங்கநல்லூரில் ஐடி கம்பெனி வாசலில் கிடைக்கும் கவனத்தில் பாதி இந்தப் பக்கம் வந்தால் போதும்.

#12 வேகமே_வேதம்

அக்கா, இந்தக் கோணத்தில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அங்கே எந்த நேரம் எந்த பிளாக்கில் எடுக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் நானும் வந்து அளந்து தருகிறேன், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலியிலேயே செய்யலாம், எண்கள் அவர்களுக்கே போய்ச் சேரும். சனிக்கிழமை மாலை எனக்கு வசதி.

#13 எழில்நகர்_அக்கா

வாருங்கள் தம்பி. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம், அவர்களுக்கு எந்தப் படிக்கட்டில் எது எடுக்கும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

#14 முடிச்சூர்_வாசி

வெள்ள நேரத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆட்களுக்கு எந்த சிம் வேகம் என்பது இரண்டாவது கேள்விதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நடந்தது ஒன்றே. மின்சாரத்தை நிறுத்தினார்கள், நிறுத்தத்தான் வேண்டும், தண்ணீருக்குள் கரண்ட் இருந்தால் உயிர் போகும். டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கியது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு வர ரோடு இல்லை. ஒவ்வொன்றாகப் படுத்தன. படகு வேண்டும் என்று சொல்லக்கூட வழியில்லாமல் மொட்டை மாடியில் நின்றோம். என் அம்மாவுக்கு இன்சுலின் தேவைப்பட்டது. பக்கத்துத் தெருப் பையன்கள் நீந்தி வந்து விசாரித்ததால் கிடைத்தது.

நான் அப்போது இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தேன், ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்ற தைரியத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் போயின. ஏன் என்று டவர் ஏறி சார் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#15 டவர்_ஏறி

சார், நீங்கள் பட்ட பாட்டைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. காரணம் இதுதான். பெரும்பாலான டவர்கள் மொபைல் கம்பெனிகளுடையவை அல்ல, டவரைக் கட்டி வாடகைக்கு விடத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆண்டெனா தொங்கும், கீழே பேட்டரியும் ஜெனரேட்டரும் ஒன்றுதான். அது அணைந்தால் மேலே எத்தனை பெயர் இருந்தாலும் எல்லாம் அணையும். உதாரணத்துக்கு ஏர்டெல்லும் வி-யும் (வோடஃபோன் ஐடியா) இண்டஸ் டவர்ஸின் கம்பங்களை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே இரண்டாவது சிம் வாங்கும்போது கம்பெனி வேறா என்று பார்ப்பதோடு டவர் வேறா என்றும் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் ஏரியாவை வைத்துத் தேடினால் சுற்றியுள்ள டவர்கள் வரைபடத்தில் வரும், எந்த டவரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம்.

இன்னொன்று, பேரிடர் நேரத்தில் அரசு சொன்னால் ஒரு கம்பெனியின் சிம் இன்னொரு கம்பெனியின் டவரைப் பிடிக்கும்படி திறந்துவிடுவார்கள். பல புயல்களில் கிழக்குக் கடற்கரையில் செய்திருக்கிறார்கள். அப்படி அறிவித்தால் போனில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் இருந்து கைமுறைக்கு மாற்றி, பட்டியலில் எது வருகிறதோ அதைத் தொட்டுப் பாருங்கள். போனை விமானப் பயண நிலையில் வைத்து மணிக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பார்த்தால் பேட்டரியும் நிற்கும். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி காலியாவதுதான் வெள்ளத்தில் பெரிய இழப்பு.

வீட்டில் தண்ணீர் வரும் ஏரியாக்காரர்கள் அக்டோபர் முடிவதற்குள் அக்கம்பக்கத்து எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் போகும் அளவுக்குச் சிக்னல் இருந்தும் கால் போகாத நிலை அடிக்கடி வரும், ஆகவே வாட்ஸ்அப்பை நம்பாமல் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் விலாசம், எத்தனை பேர், என்ன தேவை என்று ஒரே வரியில் அனுப்புங்கள்.

#16 சங்கச்_செயலாளர்

துரைப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பிரச்சினை வேறு. கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை, கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஆம்புலன்ஸைக் கூட அழைக்க முடியாது. மொட்டை மாடியில் டவர் வைக்க ஒரு நிறுவனம் வந்தது, வாடகையும் தருவதாகச் சொன்னார்கள். கூட்டம் போட்டால் பாதிப் பேர் கதிர்வீச்சு என்று எதிர்க்கிறார்கள். அதே ஆட்கள் மறுநாள் குழுவில் சிக்னல் இல்லை என்று எழுதுகிறார்கள். சிலர் தங்கள் செலவில் ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் வாங்கி பால்கனியில் மாட்டிவிட்டார்கள், அதன் பிறகு மற்றவர்களுக்கு இன்னும் மோசமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

#17 டவர்_ஏறி

செயலாளர் சார், முதலில் அந்த பூஸ்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், கண்காணிப்புப் பிரிவு அலைவரிசையை மோப்பம் பிடித்து வீட்டுக்கே வந்துவிடும். அது ஒரு வீட்டுக்குச் சிக்னலைக் கூட்டும்போது சுற்றியுள்ள டவருக்குப் போகும் எல்லாக் குரல்களின் மேலும் இரைச்சலைக் கொட்டுகிறது. உங்கள் கட்டடம் மோசமானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கதிர்வீச்சுப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் நம் நாட்டில் 2012 செப்டம்பரில் வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அளந்து தரச் சொல்லிக் கேட்கும் வசதியும் அதே தரங் சஞ்சார் தளத்தில் உண்டு, கட்டணம் கட்டினால் வந்து அளப்பார்கள். டவர் தூரமாகப் போகப் போக உங்கள் காதோடு ஒட்டியிருக்கும் போன் அதிக பலத்தோடு கத்த வேண்டியிருக்கும், அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாக நில்லுங்கள். ஒரே கம்பெனிக்கு மட்டும் கட்டடத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் பொதுவான உள்கட்டட ஆண்டெனா முறை கேளுங்கள், லிஃப்ட்டும் கீழ்த்தளமும் கட்டாயம் அதில் வர வேண்டும்.

#18 சோழிங்கநல்லூர்_ஷிஃப்ட்

கால் மட்டும் பிரச்சினை என்றால் வைஃபை காலிங் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஏதாவது ஒரு பிராட்பேண்ட் இருந்தாலே போதும், சிக்னல் பூஜ்யமாக இருந்தாலும் சாதாரண எண்ணிலேயே பேசலாம். 2019 கடைசியில் இருந்தே இருக்கிறது, தனிக் கட்டணமும் இல்லை. செட்டிங்கில் அணைந்து கிடப்பதால் பலருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் போனில் நானே ஆன் செய்து கொடுத்தேன்.

#19 கூடுவாஞ்சேரி_லோக்கல்

புகார் எங்கே கொடுப்பது என்று இரண்டு பேர் தனி மெசேஜில் கேட்டார்கள். பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். டிராய் தனிநபர் புகாரை எடுக்காது. முதலில் கம்பெனி கஸ்டமர் கேர், டாக்கெட் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவு, அதற்கு அந்த எண் தேவை. அதன் பிறகு மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்குப் போடலாம். "நெட் ஸ்லோ" என்று எழுதினால் மூடிவிடுவார்கள். இடம், தேதி, மணி, ஆர்எஸ்ஆர்பி எண், ஸ்க்ரீன்ஷாட் வைத்தால் பதில் வருகிறது. கூடவே, 2024 அக்டோபரில் வந்த புது விதிகளின்படி கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையத்தில் போட்டாக வேண்டும். உங்கள் தெரு அந்த வரைபடத்தில் பச்சையாக இருந்து வீட்டில் சிக்னல் இல்லை என்றால் அதையும் படமெடுத்துப் புகாரில் சேருங்கள்.

#20 படூர்_போகிறேன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக்காரரிடம் கேட்டு மாலை 7 மணிக்கு மேல் போய் அறை அறையாக அளந்தேன். ஹாலில் 5ஜி பிரமாதமாகக் காட்டியது, ஆனால் டவர் ஏறி சார் சொன்ன அந்த இரண்டாவது எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது, அப்லோடு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தது. மேற்குப் பார்த்த சின்ன அறையில் 4ஜியில் பூட்டியதும் டவுன்லோடு குறைவுதான், அப்லோடு ஆடாமல் நின்றது. மனைவிக்கு அந்த அறை என்று முடிவாகிவிட்டது, அவர் பாடம் எடுக்கும்போது எழுதுவது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். எனக்கு பால்கனி ஜன்னலோரம் 5ஜி சிக்னலை வாங்கி வைஃபையாகத் தரும் ஏர்ஃபைபர் பெட்டி போடலாமா என்று யோசிக்கிறேன்.

#21 டவர்_ஏறி

போடலாம். ஆண்டெனா வெளியே இருப்பதால் சுவர் பிரச்சினை தீரும். ஆனால் ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், மாதாமாதம் போங்கள். உங்கள் கட்டடத்திலேயே இன்னும் நாற்பது வீட்டில் அதே பெட்டி வந்தால் அதே டவரைத்தான் எல்லாரும் பங்கு போடுவீர்கள், இரவு 9 மணி நிலவரம் அப்போது மாறும். ஃபைபர் வந்த நாளில் மாறிவிடுங்கள்.

#22 சங்கச்_செயலாளர்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்தது. பொதுவான உள்கட்டட முறைக்குப் பெரும்பான்மை சம்மதம், பூஸ்டர் வைத்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் கழற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள் சார்.

#23 டவர்_ஏறி

நல்ல செய்தி. எந்தெந்தக் கம்பெனி எந்தத் தேதிக்குள் இணையும் என்று எழுத்தில் வாங்குங்கள். 4ஜி, 5ஜி இரண்டும் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் இணைப்பு உங்களுடையதா அவர்களுடையதா, மின்கட்டணத்துக்குத் தனி மீட்டரா, வெள்ளத்தில் மூழ்காத உயரத்தில் கருவி அறை இருக்கிறதா என்று பாருங்கள், துரைப்பாக்கத்தில் கீழ்த்தளத்தில் வைக்க விடவே விடாதீர்கள். வேலை முடிந்ததும் எல்லா மாடியிலும் லிஃப்ட்டுக்குள்ளும் அளந்த அறிக்கை தந்தால்தான் கையெழுத்து என்று சேருங்கள். கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு தர மதிப்பீடு தரும் விதிகளை டிராய் 2024ல் கொண்டுவந்திருக்கிறது, அதையும் ஒருமுறை படித்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போங்கள். ஒப்பந்த வரைவை எனக்குத் தனி மெசேஜில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அந்த ஒருவரையும் கழற்ற வைத்துவிட்டுத்தான் அளக்கக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் எண்கள் தப்பாக வரும்.